கவுன்ட்டி மீட்டிங்ல பிரார்த்தனை பண்ண கோயிலுக்கு அழைப்பு வந்திருக்கு, போகலாமா கூடாதா?

கூடல்நகர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்துல உங்க கருத்து வேணும், குறிப்பா அமெரிக்காவுல இருக்கறவங்க சொல்லுங்க. எங்க கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) போர்டு மீட்டிங் மாசாமாசம் ஜெபத்தோடதான் தொடங்கும். யாராவது ஒரு பாஸ்டர் மைக் முன்னாடி வந்து எல்லாரும் எழுந்திருங்கன்னு சொல்லுவார், ஹாலே எழுந்து தலை குனியும், ஆமென் சொன்னப்புறம்தான் அஜெண்டா. இப்ப கிளார்க் ஆபீஸ்ல இருந்து எங்க கோயிலுக்கு மெயில் வந்திருக்கு, உங்க குருக்களும் ஒரு மாசம் வந்து பிரார்த்தனை பண்ணலாம்னு. கமிட்டியில நிறைய பேருக்கு இது பெரிய கவுரவமா தெரியுது. எந்த ஸ்லோகம், இங்கிலீஷ்ல அர்த்தம் யார் சொல்றது, போட்டோ யார் எடுக்கறதுன்னு பேச்சு அங்க போயிடுச்சு.

நான் போக வேண்டாம்னு சொல்றேன். ஏன்னா அந்த போர்டு வெறும் சட்டம் போடற சபை இல்ல, கோயில் பார்க்கிங்கைப் பெருசாக்கணும்னு பெர்மிட் கேட்டு நாங்க போய் நின்னதும் அதே ஹால்லதான். மேடையில உட்கார்ந்திருக்கற அஞ்சு பேர் ஒருத்தரோட அப்ளிகேஷனை இன்னும் அரை மணி நேரத்துல முடிவு பண்ணப் போறாங்க, அதுக்கு முன்னாடி எழுந்து நின்னு இயேசு நாமத்துல ஜெபிக்கச் சொன்னா அந்த மனுஷன் என்ன பண்ணுவான்? உட்கார்ந்தே இருந்தா மேடையில இருக்கறவங்க கண்ணுல படும், எழுந்து நின்னா தன் மனசுக்கே விரோதம், வெளிய போய் நின்னா அதுவும் தெரியும். நம்ம குருக்கள் போய் நின்னா இது சரியாகிடாது, அன்னைக்கு பெர்மிட் கேட்டு வந்த முஸ்லிமுக்கோ பாப்டிஸ்ட்காரருக்கோ கடவுள் நம்பிக்கையே இல்லாதவருக்கோ அதே சங்கடத்தை நாம கொடுக்கறோம், அவ்வளவுதான்.

2014ல நியூயார்க் மாநிலத்து கிரீஸ் டவுன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 5-4ல இதெல்லாம் செல்லும்னு சொல்லிடுச்சு, அது தெரியும். சட்டம் அனுமதிக்குதுங்கறதுக்காக நாம செஞ்சே ஆகணும்னு இல்லையே. அரசாங்கத்துக்கிட்ட ஒரு காரியம் கேட்டு வர்றவங்க முதல்ல தன் சாமி எதுன்னு காட்ட வேண்டிய நிலைமை இருக்கக்கூடாது. உங்க ஊர் கோயிலுக்கோ மசூதிக்கோ குருத்வாராவுக்கோ இப்படி அழைப்பு வந்திருக்கா, போனாங்களா?

ஒஹாயோ மாமா எழுதியது:

தம்பி, நான் உங்களுக்கு நேர் எதிர். 2000 செப்டம்பர் 14ம் தேதி வாஷிங்டன்ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோட கீழ்சபை, ஹவுஸ் ஆஃப் ரெப்ரசென்டேட்டிவ்ஸ்ல முதல்முதலா ஒரு இந்து அர்ச்சகர் பிரார்த்தனை பண்ணினார், வெங்கடாசலபதி சமுத்ராலா, எங்க கிளீவ்லேண்ட் பக்கத்துல பார்மா சிவா விஷ்ணு கோயில்காரர். அன்னைக்குத்தான் வாஜ்பாய் அங்க ரெண்டு சபைக்கும் சேர்த்து உரை நிகழ்த்தினார். எங்க ஊர்ல ஒவ்வொரு வீட்லயும் அதைப் பத்தித்தான் பேச்சு. ஸ்கூல்ல பிள்ளைங்ககிட்ட நீங்க பசுவைக் கும்பிடறவங்கதானேன்னு கேட்டுக்கிட்டிருந்த காலம் அது, நம்ம மந்திரம் அந்த சபையில ஒலிச்சதுன்னா அது எங்களுக்கு சாதாரண விஷயம் இல்ல.

அப்புறம் 2007 ஜூலை 12 செனட்ல ராஜன் ஜெட் பிரார்த்தனை பண்ண எழுந்தப்ப கேலரியில இருந்து மூணு பேர் இது தெய்வக் குத்தம்ங்கற மாதிரி கத்தினாங்க, போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போச்சு, அவர் நிதானமா மறுபடி தொடங்கி முடிச்சார். அவரு அன்னைக்கு ஒதுங்கியிருந்தா யாருக்கு வெற்றி? 1789லயே முதல் காங்கிரஸ் சம்பளம் கொடுத்து சேப்லின், அதாவது ஜெபம் நடத்த ஒரு போதகர், வச்ச நாடு இது. நீங்க போகலைன்னா இந்தப் பழக்கம் நிக்காது, அந்த மாசத்துக்கு இன்னொரு பாஸ்டர் வருவார், நம்ம கோயில் அழைச்சும் வரலைங்கற பேர் மட்டும் மிஞ்சும். குருக்களை அனுப்புங்க.

சட்டம் படிக்கிறவ எழுதியது:

கிரீஸ் கேஸைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், உங்க கோயிலுக்கு வந்த மெயில் மாதிரி விஷயம்தான் அங்க நடுநாயகமே. ராச்செஸ்டர் பக்கத்துல ஏறக்குறைய 94,000 பேர் இருக்கற டவுன். 1999ல இருந்து போர்டு மீட்டிங்குக்கு மாசம் ஒரு உள்ளூர் பாஸ்டரைக் கூப்பிட்டாங்க. எப்படிக் கூப்பிட்டாங்கன்னா ஆபீஸ் ஊழியர் ஒருத்தர் உள்ளூர் டைரக்டரியைத் திறந்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு சபைக்கா போன் போடுவார், யார் சரின்னு சொல்றாங்களோ அவங்க பேரை எழுதிக்குவார். டைரக்டரி பூரா சர்ச்தான், யூதக் கோயில்கள் டவுன் எல்லையைத் தாண்டி வெளிய இருந்துச்சு, அதனால 2007 வரைக்கும் வந்தவங்க அத்தனை பேரும் கிறிஸ்தவங்க. யாரும் உட்கார்ந்து சதி பண்ணல, ஆனா பட்டியல் எப்படித் தயாராகுதோ அப்படித்தான் மேடையும் இருக்கும்.

சூசன் காலவேன்னு ஒரு யூதப் பெண்மணி, லிண்டா ஸ்டீபன்ஸ்னு ஒரு நாத்திகர், ரெண்டு பேரும் எதிர்ப்பு தெரிவிச்சாங்க. அதுக்கு வந்த ஒரு பாஸ்டர் மைக்லயே ஜெபத்தை எதிர்க்கறவங்க நம்ம நாட்டு வரலாறு தெரியாத சிறுபான்மைன்னு பேசினார், அதுவும் டவுன் போர்டு மீட்டிங்ல. 2008ல கேஸ் போட்டாங்க. புகார் எழுந்த அந்த வருஷம் மட்டும் ஒரு யூதர், ஒரு பஹாய், ஒரு விக்கன் (இயற்கையை வணங்கற ஒரு மதம்) பூசாரின்னு வரவழைச்சாங்க.

இதுல ஒண்ணைக் கவனிக்கணும், அவங்க ஜெபத்தையே நிறுத்தச் சொல்லல, எல்லாருக்கும் பொதுவான கடவுள் பேர்ல இருக்கட்டும்னுதான் கேட்டாங்க. தீர்ப்பு எழுதின ஜஸ்டிஸ் கென்னடி அதை ஏத்துக்கல. பொதுவான ஜெபம்தான் வேணும்னா ஒவ்வொரு ஜெபத்தையும் அரசாங்கம் படிச்சுப் பார்த்து இந்த வரி இருக்கலாம் இந்த வரி கூடாதுன்னு திருத்த வேண்டி வரும், அது இன்னும் பெரிய தலையீடுன்னார். இந்த ஒரு இடத்துல அவர் சொன்னது சரின்னுதான் நினைக்கறேன், சாமி கும்பிடறதுக்கு அரசாங்கம் அச்சுப் போட்டுக் கொடுக்க முடியாது. ஆனா அதுல இருந்து அவர் போன முடிவு தப்பு. எதிர் தீர்ப்பு எழுதின எலினா ககன் காங்கிரஸ்ல, மாநில சட்டசபையில ஜெபம் இருக்கறதை எதிர்க்கவே இல்ல. அங்க அது உறுப்பினர்களுக்காகச் சொல்றது, மக்கள் வெறுமனே மேல உட்கார்ந்து பார்க்கறாங்க. டவுன் போர்டுல பாஸ்டர் போர்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மக்கள் முகத்தைப் பார்த்து நின்னு நாம ஜெபிப்போம்னு சொல்றார், அந்தக் கூட்டத்துல பெர்மிட் கேட்டு வந்த ஒரு முஸ்லிம் பெண் இருந்தா அவ நிலைமை என்னன்னு ககன் கேட்கறார். கூடல்நகர் கேட்டது அப்படியே அதுதான்.

நாஞ்சில்காரன் எழுதியது:

நான் சி.எஸ்.ஐ குடும்பம், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், இப்ப டெக்சாஸ். ஒரு கிறிஸ்தவனா கூடல்நகர் அண்ணன் சொல்றதை நான் முழுசா ஏத்துக்கறேன், இதை இங்க எழுதிடணும்னுதான் லாகின் பண்ணினேன். அரசாங்க மேடையில ஜெபம் கூடாதுன்னு சொல்றவங்க எல்லாரும் சாமி இல்லைங்கறவங்கன்னு நினைக்காதீங்க. ரோட் ஐலண்டை ஏற்படுத்தின ராஜர் வில்லியம்ஸ் ஒரு போதகர். மாசசூசெட்ஸ்ல அரசாங்கமும் சபையும் ஒண்ணா இருந்ததைக் கேள்வி கேட்டதுக்கு 1635ல ஊரை விட்டு வெளியேத்தினாங்க. சபைங்கற தோட்டத்துக்கும் உலகம்ங்கற காட்டுக்கும் நடுவுல சுவர் வேணும்னு அவர் சொன்னது தோட்டத்தைக் காப்பாத்தத்தான். 1802ல ஜனாதிபதி ஜெஃபர்சன் அதே சுவரைப் பத்தி எழுதினாரே, அந்தக் கடிதம் யாருக்கு? கனெக்டிகட்ல டான்பரி ஊர் பாப்டிஸ்ட் சபைகளுக்கு. அந்த மாநிலத்துல காங்கிரகேஷனல் சபைதான் அரசாங்க சபை, மத்தவங்க அதுக்குக் கீழ அடங்கி இருக்கணும், அந்தக் கஷ்டம் பட்ட விசுவாசிங்கதான் இந்தப் பிரிவினையைக் கேட்டு வாங்கினாங்க.

எங்க ஊர் மீட்டிங்குக்கு நான் போயிருக்கேன். ரோல் கால் எடுப்பாங்க, கொடி வணக்கம், அப்புறம் ஜெபம், அடுத்த அஜெண்டா சாக்கடை பைப் டெண்டர். பாஸ்டர் கண்ணை மூடி உருக்கமா ஜெபிச்சுக்கிட்டிருக்கார், மேடையில ஒரு மெம்பர் டெண்டர் பேப்பரை சத்தம் வராம புரட்டிக்கிட்டிருக்கார், ஆமென் வந்ததும் அவரும் ஆமென்னு சேர்ந்து சொன்னார். எனக்கு அதைப் பார்த்து மனசு ரொம்ப வலிச்சது. அறைவீட்டுக்குள்ள போய் கதவைப் பூட்டி அந்தரங்கத்துல ஜெபம் பண்ணுன்னு மத்தேயு 6ல சொல்லியிருக்கு, மனுஷர் பார்க்கணும்னு வீதிச் சந்தியில நின்னு ஜெபிக்கறவங்களைப் பத்தி அதுக்கு முந்தின வசனமே எச்சரிக்குது. அரசாங்கக் கூட்டத்துக்கு ஒரு சடங்கா ஜெபத்தைக் கொடுத்தா அங்க கெடறது ஜெபம்தான், கவுன்ட்டிக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

கரிசல்காடு எழுதியது:

நான் கோவில்பட்டி. ஒண்ணு கேட்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க. அங்க கவுன்ட்டி மீட்டிங்ல பாஸ்டர் வந்தா இவ்வளவு வருத்தப்படறீங்க, இங்க பாலம் கட்டினாலும் ஏரி தூர்வாரினாலும் பூமி பூஜைதானே, அதுக்கு என்ன சொல்வீங்க? 2022ல தர்மபுரி ஆலாபுரம் ஏரியில எம்.பி செந்தில்குமார் அரசாங்க விழாவுல ஐயர் மட்டும் நிக்கறாரே, பாதிரியார் எங்க, இமாம் எங்கன்னு அதிகாரியைப் பார்த்துக் கேட்டப்ப பாதி ஊர் அவரைத் திட்டிச்சு. குஜராத்ல ஹைகோர்ட் கட்டடத்துக்கே பூமி பூஜை போட்டாங்க, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு கேஸ் போட்டவருக்கு 2011ல அபராதம்தான் மிச்சம். 2024ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி அபய் ஓகா கோர்ட் விழாவுல பூஜை வேண்டாம், அரசியல் சட்டத்து முகப்புரையை வணங்கித் தொடங்குவோம்னு பேசினார், கேட்டாங்களா?

கூடல்நகர் எழுதியது:

கரிசல் அண்ணே, கேட்கவேண்டிய கேள்விதான், நான் மழுப்பல. ரெண்டு இடத்துக்கும் ஒரே அளவுகோல்தான். ஊர்ல பூமி பூஜை நடக்கறப்ப அது நம்ம பழக்கம்ங்கறதால நமக்கு உறுத்தறதில்ல, அதே மாதிரிதான் இங்க பாஸ்டர் ஜெபம் வெள்ளைக்கார கிறிஸ்தவருக்கு உறுத்தறதில்ல. ஒரு கான்ட்ராக்டர் தன் சொந்தக் காசுல பூஜை போட்டு வேலையைத் தொடங்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அது அவர் நம்பிக்கை. கலெக்டர் பேர்ல அழைப்பிதழ் அடிச்சு அரசாங்கச் செலவுல நடக்கற விழாவுல ஒரு மதத்துச் சடங்கு மட்டும் நடந்தா அங்க உட்கார்ந்திருக்கற மத்த ஜனங்க விருந்தாளி ஆகிடறாங்க. செந்தில்குமார் கேட்டதுல எனக்கு ஒரு சின்ன மாறுபாடு இருக்கு, மூணு மதத்துக்காரரையும் நிறுத்தினா சரியாப் போகும்ங்கறது எனக்கு ஒப்பல, நாலாவது ஆள் எங்க போவார்? அண்ணா ஆட்சியில 1968ல அரசாங்க ஆபீஸ்கள்ல இருந்து சாமி படங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்களே, அந்த வழிதான் எனக்கு நேர்மையாப் படுது. அது எவ்வளவு தூரம் நடந்துச்சுங்கறது வேற.

மாமா, நீங்க சொன்ன பார்மா அர்ச்சகர் விஷயத்துல உங்க சந்தோஷத்தை நான் குறைச்சுப் பேசவே மாட்டேன். ஆனா அது காங்கிரஸ். அங்க யாரும் பார்க்கிங் பெர்மிட்டுக்கு வரிசையில நிக்கல.

பனைமரம் எழுதியது:

ரொறொன்ரோவில இருந்து எழுதுறன். இஞ்சை இந்தப் பிரச்சினை கோர்ட்டில தீர்ந்த விசயம், ஆனா அமெரிக்காவுக்கு நேர் எதிர்ப் பக்கமா. கியூபெக்கில சாகெனே எண்டு ஒரு நகரம். மேயர் கவுன்சில் தொடங்கேக்கை சிலுவை அடையாளம் போட்டு ஜெபம் சொல்லுவார், அந்த மண்டபத்தில இயேசுவின்ர திருவிருதயச் சிலையும் இருந்தது. சிமோனோ எண்ட ஒரு நாத்திகர் முறைப்பாடு குடுத்தார். பிறகு நகரம் என்ன செய்தது எண்டால் ஜெபம் முடிஞ்சு ரெண்டு நிமிசத்துக்குப் பிறகுதான் கூட்டம் உத்தியோகபூர்வமாத் தொடங்கும், விருப்பமில்லாதவை வெளியில நிண்டிட்டுப் பிறகு வரலாம் எண்டு சட்டம் போட்டது. 2015 ஏப்ரல் 15 கனடா சுப்ரீம் கோர்ட் ஒருமனதா அதுவும் செல்லாது எண்டது. வெளியில போனால் நான் நம்பிக்கையில்லாதவன் எண்டு ஊருக்கு முன்னால அறிவிக்கிற மாதிரி, ஒதுக்கப்படுறதுதான் அதுக்கு விலை எண்டு நீதிபதிகள் எழுதினவை. கூடல்நகர் சொன்ன சங்கடம் இதுதானே.

அதுக்கு முன்னமே 1999ல எங்கட ஒன்ராறியோவில பெனடாங்குஷீன் எண்ட சின்ன ஊரில ஒரு யூதர் வழக்குப் போட்டு கவுன்சிலில கர்த்தருடைய ஜெபம் சொல்லுறதை நிப்பாட்டினவர். ஆனால் எல்லா இடத்திலயும் நிக்கேல்லை. ஒன்ராறியோ சட்டசபையில கர்த்தருடைய ஜெபம் இண்டைக்கும் இருக்கு, 2008க்குப் பிறகு மற்ற சமயப் பிரார்த்தனைகளும் மாறி மாறி வருது, எங்கட இந்துப் பிரார்த்தனையும் அதுக்குள்ள. ஒட்டாவாப் பாராளுமன்றத்தில பிரார்த்தனை முடிஞ்ச பிறகுதான் பொதுமக்கள் கேலரிக் கதவையே திறப்பினம். உறுப்பினர் தங்களுக்குள்ள கும்பிடட்டும், சனத்தைக் கும்பிடச் சொல்லாத எண்ட மாதிரி. எனக்கு அது பிடிச்சிருக்கு.

நாங்கள் இலங்கையில எந்தச் சமயம் அரசாங்கத்தோட ஒட்டி நிக்குது எண்டதைப் பாத்து வளந்த ஆக்கள். 1972 யாப்பில பவுத்தத்துக்கு முதன்மை இடம் எண்டு எழுதினதில இருந்து, அரசாங்க விழாவில பிக்குமார் முன்வரிசையில இருக்கேக்கை மற்றவைக்கு அந்த மண்டபத்தில என்ன இடம் எண்டு எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதனாலதான் எங்கட கோயில் ஐயர் சபையில போய் நிண்டாலும் எனக்கு அது முழுச் சந்தோசமா வாறேல்லை.

ஒஹாயோ மாமா எழுதியது:

பனைமரம் சொன்னதைப் படிச்சேன், அந்த அனுபவத்துக்கு முன்னாடி நான் வாதாட மாட்டேன். ஆனா பொதுவா ஒண்ணு கேட்கறேன். எல்லாருக்கும் சங்கடம்னு எல்லாத்தையும் எடுத்துட்டா கடைசியில சாமியே வேண்டாம்ங்கறவங்க வழிதானே ஜெயிக்குது, அதுவும் ஒரு பக்கம் சாயறதுதானே? தினம் காலையில விளக்கேத்தாம ஒரு வேலையும் தொடங்காத குடும்பம் எங்களது. ஒரு ஊரோட காரியத்தை முடிவு பண்ண உட்கார்றவங்க ரெண்டு நிமிஷம் தலை குனிஞ்சு நமக்கு மேல ஒருத்தன் இருக்கான்னு நினைக்கறது நல்லதுன்னு நான் மனசார நம்பறேன். அது எந்த மொழியில எந்தப் பேர்ல இருந்தாலும் நான் எழுந்து நிப்பேன். கதவை எல்லாருக்கும் திறந்து வைங்க, அதுதான் இந்த நாட்டோட அழகு.

சட்டம் படிக்கிறவ எழுதியது:

மாமா, கதவை எல்லாருக்கும் திறந்து வைக்கணும்ங்கறது கேட்க நல்லா இருக்கு, நடைமுறையில என்ன ஆகுதுன்னு பாருங்க, நம்மளைத் தொட்ட கேஸ்கள்தான் இதெல்லாம். வர்ஜீனியாவுல ரிச்மண்ட் பக்கத்துல செஸ்டர்ஃபீல்டு கவுன்ட்டி, விக்கன் மதத்தைச் சேர்ந்த ஒரு அம்மா என் பேரையும் பட்டியல்ல சேருங்கன்னு கேட்டாங்க. யூத கிறிஸ்தவ வழியில ஒரே கடவுளை வணங்கறவங்களுக்கு மட்டும்தான் இடம்னு கவுன்ட்டி சொல்லிடுச்சு. அந்த விதிப்படி நம்ம குருக்களும் உள்ள போக முடியாது. 2005ல நாலாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் (சில மாநிலங்களுக்குச் சேர்த்து இருக்கற மத்திய அப்பீல் கோர்ட்) இது செல்லும்னு தீர்ப்பு சொல்லிச்சு. ஃப்ளோரிடாவுல பிரெவர்டு கவுன்ட்டி, நாத்திகர்களை விடல, ஒரே கடவுள் மதங்களுக்குத்தான் முன்னுரிமை, அங்க 2019ல பதினோராவது சர்க்யூட் செல்லாதுன்னு சொல்லிச்சு. ஒரே நாடு, ரெண்டு கவுன்ட்டி, ரெண்டு சட்டம்.

பீனிக்ஸ்ல 2016ல நடந்தது இன்னும் தெளிவா காட்டும். சட்டானிக் டெம்பிள்னு சாத்தான் பேர்ல இருக்கற ஒரு அமைப்புக்காரங்க முறைப்படி பதிவு பண்ணி ஒரு தேதி வாங்கினாங்க. அந்தத் தேதி நெருங்கறப்ப கவுன்சில் 5-4ல ஓட்டுப் போட்டு எல்லாரோட ஜெபத்தையும் நிறுத்தி மவுனம் போதும்னு சொல்லிச்சு, அடுத்த மாசமே அதை மாத்தி போலீஸ், தீயணைப்புத் துறை சேப்லின்கள் மட்டும் ஜெபிக்கலாம்னு ஆக்கிட்டாங்க. ஆக கதவு திறந்திருக்கறது யார் வர்றாங்கங்கறதைப் பொறுத்துத்தான் இருக்கு. ஹவுஸ்லயே முன்னாள் பாஸ்டர், இப்ப நாத்திகர் டேன் பார்க்கர் கெஸ்ட் சேப்லினா வர அனுமதி கேட்டார், கிடைக்கல, கோர்ட்டுக்குப் போனார், 2019ல அங்கயும் தோத்தார்.

நம்பிக்கையில்லாதவங்க வழிதான் ஜெயிக்குதுன்னு சொன்னீங்கள்ல, சாகெனே தீர்ப்புலயே அதுக்கு பதில் இருக்கு. கூட்டத்தைத் தொடங்கறப்ப கடவுள் இல்லைன்னு ஒருத்தர் எழுந்து அறிவிச்சா அதுதான் நாத்திகத்துப் பக்கம் சாயறது. ஒண்ணும் சொல்லாம அஜெண்டாவைத் தொடங்கறது யார் பக்கமும் சாயறதில்ல.

ரெட்டைப்பிள்ளை அம்மா எழுதியது:

அக்கா, ஒரு டவுட். ஸ்கூல்ல இது கூடாதுன்னுதானே சட்டம்? என் பொண்ணுக்கு இந்த வருஷம் மிடில் ஸ்கூல் கிராஜுவேஷன், அதுல ஒரு பாஸ்டர் பேசுவார்னு பிள்ளைங்க பேசிக்கறாங்க. நான் போய்க் கேட்டா என் பிள்ளையை வேற மாதிரி பார்ப்பாங்களோன்னு பயம், கேட்காம இருக்கவும் மனசு வரல.

சட்டம் படிக்கிறவ எழுதியது:

அம்மா, உங்க விஷயத்துல சட்டம் உங்க பக்கம் உறுதியா இருக்கு, பயப்படாம கேளுங்க. 1962லயே நியூயார்க் ஸ்கூல்கள்ல மாநில அரசு எழுதிக் கொடுத்த 22 வார்த்தை ஜெபத்தை சுப்ரீம் கோர்ட் நிறுத்திச்சு, விருப்பமில்லாத பிள்ளை வெளிய போகலாம்னு சொல்லிப் பார்த்தும் ஏத்துக்கல. அப்புறம் 1989ல ரோட் ஐலண்ட் பிராவிடன்ஸ்ல ஒரு மிடில் ஸ்கூல் கிராஜுவேஷன், கேஸ் போட்டது வைஸ்மன்னு ஒரு யூதக் குடும்பம், பிரார்த்தனை பண்ண வந்தவரும் யூத ராபிதான். தன் மதத்துக்காரர் வந்தும் அந்தப் பொண்ணோட அப்பா ஸ்கூல் விழாவுல வேண்டாம்னு நின்னார், 1992ல 5-4ல ஜெயிச்சார். ஸ்கூல் கூட்டத்துல ஒரு பிள்ளை தனியா உட்கார்ந்திருக்க முடியாது, கூட இருக்கறவங்க பார்வையே ஒரு அழுத்தம்னு அந்தத் தீர்ப்பு எழுதினது யார் தெரியுமா, பின்னாடி கிரீஸ் கேஸ்ல பெரியவங்களுக்கு அந்த அழுத்தம் இல்லைன்னு எழுதின அதே கென்னடி. பெர்மிட் கேட்டு நிக்கற பெரியவங்களுக்கும் அழுத்தம் உண்டுங்கறதுதான் நம்ம இழையோட வாதமே.

2022ல வாஷிங்டன் மாநிலம் பிரெமர்டன் ஸ்கூல் ஃபுட்பால் கோச் மைதானத்து நடுவுல முழங்கால் போட்டு ஜெபிச்ச கேஸ்ல அவர் 6-3ல ஜெயிச்சார், அதைக் காட்டி எல்லாம் மாறிடுச்சுன்னு உங்ககிட்ட யாராவது சொன்னா நம்பாதீங்க. அது அவரோட சொந்த ஜெபம்னு கோர்ட் எடுத்துக்கிச்சு. ஸ்கூலே ஒரு போதகரைக் கூப்பிட்டு மேடையில ஜெபம் பண்ண வைக்கறதைத் தடுக்கற 1992 தீர்ப்பு இன்னும் அப்படியேதான் இருக்கு. பிரின்சிபாலுக்கு ஒரு மெயில் போடுங்க, பாஸ்டர் வர்றாரா, எந்த ரோல்லன்னு மட்டும் முதல்ல கேளுங்க. பேச்சாளரா வர்றது வேற, ஜெபம் நடத்த வர்றது வேற.

கரிசல்காடு எழுதியது:

எழுந்து நிக்கறது பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். இங்க 2021 டிசம்பர்ல தமிழ்த்தாய் வாழ்த்து பிரார்த்தனைப் பாட்டுதான், எழுந்து நிக்கணும்னு சட்டம் எதுவும் இல்லைன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிச்சு. உடனே அந்த மாசமே அரசாங்கம் அதை மாநிலப் பாடலா அறிவிச்சு எல்லாரும் நிக்கணும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்குன்னு உத்தரவு போட்டுச்சு. நான் அந்தப் பாட்டுக்கு மனசார எழுந்து நிக்கறவன், என் தாய்மொழி அது. ஆனாலும் கூடல்நகர் தம்பி எழுதினதைப் படிச்சப்புறம், பிரார்த்தனைன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு நிக்கச் சொல்லி உத்தரவு போடலாமாங்கற கேள்வி எனக்குள்ள கிடந்து குடையுது. மாநிலப் பாடல்னா நிக்கச் சொல்றது சரி, தேசியகீதம் மாதிரி. ரெண்டும் ஒண்ணுதான்னு குழப்பறப்பதான் சண்டை வருது.

நாஞ்சில்காரன் எழுதியது:

கரிசல் அண்ணாச்சி சொன்னது ரொம்ப சரி. இங்க ஜனாதிபதி பதவியேற்புலயும் இதே குழப்பம்தான். அரசியல் சட்டத்துல எழுதியிருக்கற உறுதிமொழியில கடவுள் பேரே இல்ல, சத்தியம்னோ உறுதின்னோ எது வேணுமோ சொல்லிக்கலாம்னும் இடம் கொடுத்திருக்காங்க. போதகர் வந்து ஜெபிக்கறது வாஷிங்டன் காலத்துப் பழக்கம்னு நினைக்கறோம், அது 1937ல ரூஸ்வெல்ட்டோட ரெண்டாவது பதவியேற்புல தொடங்கினது. காசுல, கொடி வணக்கத்துல கடவுள் இருக்கார்னு சொல்றாங்களே, கொடி வணக்கத்துல சேர்த்தது 1954ல, ரஷ்யாவோட பனிப்போர் நடந்தப்ப. பழைய பழக்கம்னு சொல்ற பாதி விஷயம் நம்ம தாத்தா காலத்துது.

கூடல்நகர் எழுதியது:

கமிட்டி மீட்டிங் நடந்துச்சு, ரொம்ப நேரம் பேசினோம். குருக்கள் கிட்டயே கேட்டாங்க, அவர் ஒரு விஷயம் சொன்னார், சங்கல்பம் பண்றப்ப யாருக்காகப் பண்றோம்னு அவங்க பேர், நட்சத்திரம் சொல்லி அவங்க சம்மதத்தோடதான் பண்ணணும், விருப்பம் இல்லாத ஒருத்தரை எழுப்பி நிக்க வச்சு நான் எதுக்கு மந்திரம் சொல்லணும்னு. அதுக்கப்புறம் போட்டோ எடுக்கறதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தவங்ககூட கொஞ்சம் யோசிச்சாங்க. முழுசா மறுக்கறதுக்கு ஓட்டு பத்தல, இப்போதைக்கு ஒத்துக்கறதும் இல்ல. கவுன்ட்டிக்கு பதில் எழுதறோம், அழைப்புக்கு நன்றி, அதுக்கு முன்னாடி சில விவரம் வேணும்னு. நிக்கச் சொல்றதை நிறுத்துவீங்களா, பெர்மிட் விசாரணை இருக்கற நாள்ல பிரார்த்தனையை விட்டுடுவீங்களா, இல்லைன்னா மெம்பர்கள் மட்டும் மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்க அறையில வச்சுக்குவாங்களான்னு கேட்கலாம்னு இருக்கேன். பனைமரம் சொன்ன ஒட்டாவா வழக்கம்தான் எனக்கு இந்த யோசனையைக் கொடுத்தது. அக்கா, கடிதத்துல வேற என்ன கேட்கணும்?

ஒஹாயோ மாமா எழுதியது:

குருக்கள் சொன்னது என்னையும் யோசிக்க வைக்குது தம்பி. நான் இன்னும் போகணும்ங்கற பக்கம்தான், ஆனா யாரையும் எழுந்து நிக்கச் சொல்லக்கூடாதுங்கறதுல உங்களோட வர்றேன். அந்த ஒண்ணை மட்டும் அவங்க மாத்தினா கோயில் போகலாமான்னு கமிட்டியில கேட்டுப் பாருங்க.

சட்டம் படிக்கிறவ எழுதியது:

கூடல்நகர், கடிதத்துல இதெல்லாம் கேளுங்க. கவுன்ட்டிக்கு எழுத்துல ஒரு பாலிசி இருக்கா, பட்டியல் எதைப் பார்த்துத் தயார் பண்றாங்க, இதுவரை கேட்டு மறுக்கப்பட்டவங்க யாராவது உண்டா, கவுன்ட்டி எல்லைக்கு வெளிய இருக்கற கோயில், மசூதியில இருந்து ஆள் வரலாமா, எந்த மதமும் இல்லாதவர் வந்து பேசலாமா. ஜெபத்தை நடத்தறது யார்ங்கறதையும் கேளுங்க, வெளிய இருந்து வர்றவரா இல்ல போர்டு மெம்பரேவா. அது ரொம்ப முக்கியம். நார்த் கரோலினாவுல ரோவன் கவுன்ட்டியில மெம்பர்களே ஜெபம் நடத்தினதை 2017ல நாலாவது சர்க்யூட் செல்லாதுன்னுச்சு, அதே வருஷம் மிச்சிகன் ஜாக்சன் கவுன்ட்டியில அதே மாதிரி நடந்ததை ஆறாவது சர்க்யூட் செல்லும்னுச்சு, சுப்ரீம் கோர்ட் ரெண்டுலயும் தலையிடல. அதனால உங்க மாநிலம் எந்த சர்க்யூட்ல வருதுன்னு முதல்ல பாருங்க, நீங்க எவ்வளவு அழுத்திக் கேட்கலாம்ங்கறது அதுலதான் இருக்கு. மாநில அரசியல் சட்டத்துல இதுக்குத் தனி ஷரத்து இருக்கான்னும் பாருங்க, சில மாநிலங்கள்ல அது இன்னும் கறாரா இருக்கும்.

நிக்கச் சொல்றதைப் பத்தி ஒரு தனி வரி போடுங்க. கிரீஸ் தீர்ப்புலயே கென்னடி இதைத் தொட்டிருக்கார், எழுந்திருங்கன்னு போர்டு மெம்பர்களே சொன்னாலோ, சேராதவங்களை முடிவு எடுக்கறப்ப வேற மாதிரி நடத்தினாலோ கேஸ் வேற மாதிரி ஆகும்ங்கற அர்த்தத்துல. அதனால உங்க ஹால்ல எழுந்திருங்கன்னு சொல்றது பாஸ்டரா, சேர்மனான்னு அடுத்த மீட்டிங்ல கவனிங்க. பழைய மீட்டிங் வீடியோ கவுன்ட்டி சைட்ல இருந்தா அதையே பார்த்துடலாம். பதிலைக் கடிதமா கொடுத்துட்டு பொதுமக்கள் பேசற நேரத்துலயும் பேர் கொடுத்து அதையே சுருக்கமா படிச்சிடுங்க, அப்பத்தான் மினிட்ஸ்ல ஏறும்.